ஹின்டர்கைஃபெக் 1922: நாலு நாள் மாட்டுக்குத் தீனி போட்டது யார்?

#1 கட்டுத்தறி

பழைய வழக்குகளைப் பற்றி இங்கே எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆயுதம், தடயம், சந்தேக ஆள் என்றுதான் ஆரம்பிக்கிறீர்கள். நான் மாட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். வழக்கு ஜெர்மனியில் நடந்தது. நூறு வருஷம் தாண்டியும் துப்புத் துலங்கவில்லை. ஆனால் தோட்டத்துச் சாளையில் பிறந்து வளர்ந்த யாரும் இதை வேற்றூர்க் கதையாகப் படிக்க முடியாது.

பவேரியாவில், ம்யூனிக்குக்கு வடக்கே சுமார் 70 கிலோமீட்டரில் க்ரோபெர்ன் என்று ஒரு சிற்றூர். அங்கிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி, காட்டோரமாக ஓர் ஒற்றைப் பண்ணை. பெயர் ஹின்டர்கைஃபெக். வீடு, மாட்டுக் கொட்டகை, தீவனக் கொட்டகை எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டியவை. குளிர் நாடு என்பதால் வாசலுக்கு வராமலே வீட்டுக்குள்ளிருந்து கட்டுத்தறிக்குப் போய்விடலாம்.

வீட்டுக்காரர் ஆண்ட்ரியாஸ் க்ரூபர், வயது 63. மனைவி செசீலியா, 72. மகள் விக்டோரியா, 35; அவருடைய கணவர் 1914-ல் போரில் இறந்துவிட்டார். விக்டோரியாவுக்கு ஏழு வயதில் ஒரு பெண், அவளும் செசீலியாதான். இரண்டு வயதில் யோசெப் என்று ஒரு பையன். 1922 மார்ச் 31 வெள்ளிக்கிழமை மாலைதான் மரியா பவும்கார்ட்னர் என்ற 44 வயது அம்மா அந்த வீட்டுக்கு வேலைக்கு வந்து சேர்ந்தார். அன்று ராத்திரியே ஆறு பேரும் கொல்லப்பட்டார்கள். பெரியவர்கள் மூவரும் ஏழு வயதுப் பெண்ணும் தீவனக் கொட்டகையில் கிடந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக அங்கே வரவழைக்கப்பட்டிருக்க வேண்டும். வேலைக்கு வந்த அம்மாவும் தொட்டிலில் இருந்த பையனும் வீட்டுக்குள்ளேயே. ஆயுதம், வேர் வெட்டுகிற கனமான கொத்து. அதுவும் அந்தப் பண்ணையுடையதுதான்.

ஊரார் உள்ளே போய்ப் பார்த்தது ஏப்ரல் 4, செவ்வாய்க்கிழமை. நடுவில் என்ன நடந்தது என்பதைக் கவனியுங்கள். சனிக்கிழமை பாப்பா பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தில் ஒருவர்கூட தேவாலயத்துக்கு வரவில்லை. காபி வியாபாரிகள் வந்து கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். தபால்காரர் வந்தபோது முந்தைய தபால் எடுக்கப்படாமல் கிடந்தது. ஆனால் புகைபோக்கியில் புகை வந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. வீட்டில் ரொட்டியும் இறைச்சியும் தின்னப்பட்டிருந்தன. மாடுகளுக்குத் தீனி வைக்கப்பட்டிருந்தது.

செவ்வாய் காலையில் ஆல்பர்ட் ஹோஃப்னர் என்ற மெக்கானிக், தீவனம் வெட்டும் மெஷினின் எஞ்சினை ரிப்பேர் செய்ய வந்தார். ஒரு மணி நேரம் காத்திருந்தார். யாரும் வராததால் தானே வேலையை ஆரம்பித்து நாலரை மணி நேரம் செய்துவிட்டுப் போனார். அவர் காதில் விழுந்தது மாடுகளின் சத்தமும் கொட்டகைக்குள் இருந்த நாயின் சத்தமும் மட்டும்தான்.

என் கேள்வி இதுதான். எங்கள் கட்டுத்தறியில் கறவை நாலு, கிடேரி இரண்டு. விடியற்காலை ஐந்து மணிக்குச் சாணி வழிப்பதில் ஆரம்பித்தால் தட்டு வெட்டிப் போட்டு, தண்ணி காட்டி, பால் கறந்து சொசைட்டிக்கு அனுப்பி நிமிர எட்டாகிவிடும். சாயங்காலம் மறுபடியும் அதே வேலை. ஆறு பேரைக் கொன்றவன் இந்த வேலையை அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் செய்திருக்கிறான். பணம் திருட வந்தவன் எதற்காகச் செய்யப்போகிறான்? போலீஸ் முதலில் ஊர் சுற்றும் திருடர்களைத்தான் சந்தேகப்பட்டது. ஆனால் வீட்டில் இருந்த பணம் பெரும்பாலும் அப்படியே கிடந்தது.

இந்த வழக்கின் பெரிய சாட்சி கட்டுத்தறியில்தான் இருக்கிறது என்பது என் முடிவு. மாடு வளர்ப்பவர்கள் கொஞ்சம் பேசுங்கள்.

#2 நொய்யல்கரையான்

அண்ணா, இதைப் படித்திருக்கிறேன். கட்டுத்தறியிலிருந்து யோசித்தால் கதை நேராகப் பக்கத்துத் தோட்டத்துக்குத்தான் போகிறது.

லோரென்ஸ் ஷ்லிட்டன்பவர் என்பவர் அக்கம்பக்கத்து விவசாயி. மனைவி இறந்த பிறகு விக்டோரியாவோடு அவருக்குப் பழக்கம் இருந்தது. பையன் யோசெப் அவருடைய பிள்ளை என்றும் பேச்சு, இல்லை என்றும் பேச்சு. விக்டோரியாவும் அவருடைய தகப்பனார் ஆண்ட்ரியாஸும் தகாத உறவு வைத்திருந்ததாக 1915-ல் கோர்ட்டிலேயே தண்டிக்கப்பட்டவர்கள். ஆக அந்தப் பிள்ளையின் தகப்பன் யார் என்பது ஊருக்கே பேச்சாகவும் ஷ்லிட்டன்பவருக்குத் தீராத வழக்காகவும் இருந்திருக்கிறது.

ஏப்ரல் 4-ம் தேதி அவரும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்துதான் உள்ளே போனார்கள். தீவனக் கொட்டகையில் பிணங்களைப் பார்த்ததும் கூட வந்த இருவரும் மேலே நகரவே பயந்து நின்றுவிட்டார்கள். இவர் மட்டும் மாட்டுக் கொட்டகை வழியாக வீட்டுக்குள் போய், உள்பக்கமிருந்து வாசற்கதவைத் திறந்துவிட்டார். பிணங்களைத் தொட்டுப் புரட்டவும் செய்தார். கேட்டதற்கு, என் பையனைப் பார்க்கப் போனேன் என்றார்.

அந்தக் கட்டுத்தறியில் எந்தக் கதவு எங்கே திறக்கும், தீவனம் எங்கே இருக்கும் என்று தெரிந்த ஆள். அரை கிலோமீட்டர் நடந்து வந்து தீனி போட்டுவிட்டுத் தன் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். யாரும் கேட்க மாட்டார்கள்.

#3 ஓய்வுபெற்ற ஏட்டு

தம்பி நொய்யல்கரையான், அவசரப்பட வேண்டாம். நீங்கள் சொன்னதெல்லாம் அன்றைக்கே போலீசுக்குத் தெரியும். அந்த மனிதரைப் பல தடவை விசாரித்தார்கள். குற்றம் சாட்டுகிற அளவுக்கு எதுவும் சிக்கவில்லை.

சர்வீஸில் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பிணம் கிடக்கும் இடத்துக்கு முதலில் போகிறவன் நடந்துகொள்ளும் விதத்தை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது. ஓடிப் போய் மடியில் தூக்கி வைத்து அழுகிறவனும் உண்டு, திண்ணையில் உட்கார்ந்து பீடி பற்ற வைக்கிறவனும் உண்டு. பெற்ற பிள்ளை என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஒருவன், உள்ளே தனியாகப் போகத்தான் செய்வான்.

உண்மையான நஷ்டம் வேறு இடத்தில் நடந்தது. நம்ம பக்கம் 1980-ல் கிராம முன்சீப் பதவியை எடுக்கும்வரை, தோட்டத்தில் பிணம் கிடந்தால் முதல் ரிப்போர்ட் அவரிடமிருந்துதான் ஸ்டேஷனுக்கு வரும். விவரமான முன்சீப்பாக இருந்தால் தலையாரியை நிறுத்தி, ஒருத்தரையும் கிட்டே விட மாட்டார். ஹின்டர்கைஃபெக்கில் அப்படி நிறுத்த ஆள் இல்லை. ம்யூனிக்கிலிருந்து ராய்ன்க்ரூபர் என்ற இன்ஸ்பெக்டர் வந்து சேர்வதற்குள் ஊரே உள்ளே போய் வந்துவிட்டது. கைரேகை பார்ப்பது அப்போது புது வித்தையும் அல்ல. கல்கத்தாவில் 1897-லேயே அதற்கென்று தனி அலுவலகம் இருந்தது. இந்த வழக்கில் ரேகை எடுக்கவே இல்லை. பிரேதப் பரிசோதனையை மறுநாள் அந்தப் பண்ணையிலேயே வைத்துச் செய்தார்கள். அந்த ஏழு வயதுக் குழந்தை உடனே சாகவில்லை, சில மணி நேரம் உயிரோடு இருந்திருக்கிறாள் என்பது அதில்தான் தெரிந்தது. தன் தலைமுடியைத் தானே பிய்த்துக்கொண்டிருக்கிறாள். சர்வீஸில் எவ்வளவோ பார்த்தவன் நான். அந்த வரியைப் படித்துவிட்டு அன்றைக்கு வேறு எதையும் என்னால் படிக்க முடியவில்லை.

அப்புறம் ஆறு பேரின் தலைகளையும் எடுத்து ம்யூனிக்குக்கு அனுப்பினார்கள். குறி சொல்கிறவர்களிடம் காட்டிக் கேட்டுப் பார்த்தார்கள். அவை திரும்பி வரவே இல்லை, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தொலைந்துவிட்டன. ஆறு பேரையும் தலையில்லாமல்தான் புதைத்திருக்கிறார்கள்.

#4 கொரங்காடு

பக்கத்துத் தோட்டத்துக்காரர்தான் என்பதை நான் ஏற்கவில்லை. கொலைக்கு முன்னால் நடந்தவற்றை யாரும் பேசவில்லையே.

காட்டிலிருந்து வீட்டை நோக்கிப் பனியில் கால்தடம் வந்திருந்தது, திரும்பிப் போன தடம் இல்லை என்று ஆண்ட்ரியாஸே அக்கம்பக்கத்தில் சொல்லியிருக்கிறார். வீட்டில் யாரும் வாங்காத ஒரு செய்தித்தாள் கிடந்திருக்கிறது. வீட்டுச் சாவி ஒன்று காணாமல் போயிருக்கிறது. பரணில் யாரோ நடக்கிற சத்தம் கேட்டிருக்கிறது. இத்தனைக்கும் அவர் போலீசுக்குப் போகவில்லை.

அந்தத் தலைமுறை ஆட்கள் நம்ம ஊரிலும் இப்படித்தான். எங்கள் அப்பாரு இருந்தவரை ஆட்டுப்பட்டியில் திருட்டுப் போனால்கூட ஸ்டேஷன் வாசலை மிதிக்க மாட்டார். "நம்ம காட்டு விவகாரம் நம்மளோட" என்பார்.

ஆக யாரோ ஒருவன் பரணில் ஒளிந்து, வீட்டு நடப்பைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். கொன்ற பிறகும் அங்கேயே தங்கியிருக்கிறான். அடுப்பு எரித்திருக்கிறான், சாப்பிட்டிருக்கிறான். பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்த வீட்டு ரொட்டியைத் தின்ன வேண்டிய அவசியம் என்ன?

மாட்டுக்கு ஏன் தீனி போட்டான் என்று கேட்கிறீர்கள். நம்ம கட்டுத்தறியிலேயே பதில் இருக்கிறது. ஒரு வேளை தீனி தப்பினால் மாடு கத்த ஆரம்பித்துவிடும், இரண்டு வேளை தப்பினால் இட்டேரியில் போகிறவன்கூட நின்று எட்டிப் பார்ப்பான். அவனுக்கு மாட்டின் மேல் ஒரு இரக்கமும் இல்லை, சத்தம் வெளியே போகக்கூடாது அவ்வளவுதான்.

#5 கட்டுத்தறி

கொரங்காடு, நல்ல இடத்தில் பிடித்தீர்கள். தீனி போட்டது மாட்டுக்காக அல்ல, சத்தத்துக்காக என்பதை ஏற்கிறேன். அப்படியே வைத்துக்கொண்டாலும் அதைச் செய்யத் தெரிந்த கை வேண்டும். டவுனில் வளர்ந்தவனைக் கொண்டுபோய்க் கட்டுத்தறியில் விட்டால் தீனி எவ்வளவு, தண்ணி எப்போது, எந்த மாடு முட்டும், எது உதைக்கும் ஒன்றும் தெரியாது. எங்கள் வீட்டுச் செவலை என் சம்சாரத்தைத் தவிர யாரையும் மடியில் கை வைக்க விடாது. நான் போனாலே பின்னங்காலைத் தூக்கிவிடும்.

டாக்டர் ஐயா இந்தப் பக்கம் வருவாரா? பால் கறக்காமல் விட்டால் எத்தனை நாள் தாங்கும் என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

#6 மாட்டு டாக்டர்

இப்போதுதான் பார்த்தேன்.

நல்ல கறவையில் இருக்கும் மாட்டை ஒரு நாள் முழுக்கக் கறக்காமல் விட்டால் மடி கல் மாதிரி ஆகிவிடும். காம்பிலிருந்து பால் தானாகச் சொட்டும். படுக்க முடியாமல் காலை அகட்டி நிற்கும், கத்தும். இரண்டாம் மூன்றாம் நாளில் பால் சுரப்பே குறைய ஆரம்பிக்கும். மடிநோய் வரவும் வழி உண்டு. கன்று ஈனப் போகிற மாடாக வற்ற விட்டிருந்தால் இந்தக் கஷ்டம் இல்லை.

ஆகவே ஏப்ரல் 4-ம் தேதி சாயங்காலம் அந்தக் கொட்டகையில் மடியைத் தொட்டுப் பார்த்தாலே, கடைசியாகக் கறந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்று ஏறக்குறையச் சொல்லியிருக்கலாம். தொட்டியில் மிச்சம் கிடக்கும் தீனி காய்ந்ததா புதிதா என்பது இன்னொரு கணக்கு. மூன்றாவது சாணி. ஒரு பெரிய மாடு நாளைக்கு இருபது கிலோவுக்கு மேல் சாணி போடும். கட்டிப்போட்ட மாட்டின் பின்னால் நாலு நாள் சாணி வழிக்காமல் கிடந்தால் உள்ளே நுழையும்போதே தெரிந்துவிடும். வழித்திருந்தால் வழித்தவன் ஒருவன் இருந்திருக்கிறான்.

தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உலர்ந்த தீனி தின்னும் கறவை மாடு ஐம்பது லிட்டர் வரை குடிக்கும். ஒவ்வொரு மாட்டுக்கும் அவ்வளவையும் ஒருவன் சுமந்து காட்ட வேண்டும்.

ஆனால் இதை வைத்து ஆளை அடையாளம் காட்ட முடியாது. 1922-ல் பவேரியாவில் கிராமத்து ஆண்பிள்ளை யாராக இருந்தாலும் மாட்டு வேலை தெரிந்தவனாகத்தான் இருப்பான். பக்கத்து விவசாயிக்கும் தெரியும், வேலை தேடி அலைகிற கூலி ஆளுக்கும் தெரியும், போரிலிருந்து திரும்பியவனுக்கும் தெரியும்.

#7 நொய்யல்கரையான்

போரிலிருந்து திரும்பியவன் என்றதும் ஞாபகம் வருகிறது. விக்டோரியாவின் கணவர் கார்ல் காப்ரியேல் சாகவே இல்லை, திரும்பி வந்து பழி வாங்கினார் என்று அந்த ஊரில் ரொம்ப நாள் பேச்சு இருந்தது. 1914 டிசம்பரில் பிரான்ஸில் அராஸ் பக்கம் இறந்ததாகத் தகவல். உடல் ஊருக்கு வரவில்லை.

#8 ஓய்வுபெற்ற ஏட்டு

உடல் வராத சாவு எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு கதை பிறக்கும். அவர் செத்ததைக் கண்ணால் பார்த்ததாகக் கூட இருந்த சிப்பாய்களே சொல்லியிருக்கிறார்கள். அதை விட்டுவிடுவோம்.

#9 பவானி அம்மணி

இந்த இழையை முழுக்கப் படித்தேன். ஆறாவதாகச் செத்த அம்மாவைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் பேசுகிறேன்.

மரியா பவும்கார்ட்னரை அவருடைய அக்கா தங்கை யாரோ ஒருவர் கூடவே நடந்து வந்து, அந்த வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறார். அந்தக் குடும்பத்தை உயிரோடு கடைசியாகப் பார்த்த வெளி ஆள் அநேகமாக அவர்தான். மரியா சாமான்களைப் பிரித்து வைக்கக்கூட நேரம் இருந்திருக்காது. அந்த வீட்டுச் சண்டை, சொத்து, பிள்ளை யாருடையது என்ற வழக்கு எதிலும் அவருக்குச் சம்பந்தம் இல்லை. வேலைக்குப் போன இடத்தில் முதல் ராத்திரி.

முன்னால் வேலை செய்த பெண் வீட்டில் சத்தம் கேட்கிறது என்று பயந்து வேலையை விட்டுப் போனதாகச் சொல்கிறார்கள். அடுத்த ஆளைக் கூட்டி வரும்போது அதை அவரிடம் சொல்லியிருப்பார்களா? எங்கள் பக்கத்திலும் பண்ணையத்துக்கு ஆள் வைக்கும்போது கூலியும் நெல்லும் பேசுவார்கள். இந்தக் காட்டில் பயம் உண்டா இல்லையா என்று யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

கொன்றவன் அவரைத் தேடிப் போய்க் கொன்றிருக்கிறான். வீட்டுக்குள் புதிதாக ஓர் ஆள் வந்திருப்பது அவனுக்குத் தெரியும். பரணில் இருந்து பார்த்தவன் என்று கொரங்காடு அண்ணா சொல்வதற்கு இது வலு சேர்க்கிறது. இல்லையென்றால் ஒவ்வொரு அறையாகத் திறந்து பார்த்திருக்க வேண்டும்.

#10 இங்கோல்ஸ்டாட் தம்பி

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் சென்னிமலைப் பக்கம். இப்போது இங்கோல்ஸ்டாட்டில் கார் கம்பெனியில் வேலை. இந்த இழையைப் பார்த்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் வந்தேன். காரில் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

பண்ணை இல்லை. 1923-லேயே இடித்துவிட்டார்கள். இடிக்கும்போதுதான் அந்தக் கொத்து பரண் பலகைகளுக்கு அடியில் இரத்தக் கறையோடு கிடைத்திருக்கிறது. ஒரு வருஷமாகப் போலீஸ் தேடிய ஆயுதம், வீட்டுக்குள்ளேயே தலைக்கு மேலே இருந்திருக்கிறது. பரண் என்பதைக் கவனியுங்கள் கொரங்காடு அண்ணா.

இன்றைக்கு அந்த இடம் வெறும் விளைநிலம். பக்கத்தில் சின்னதாக ஒரு நினைவுக் கம்பம் நட்டிருக்கிறார்கள். நான் அங்கே நின்று க்ரோபெர்ன் பக்கம் பார்த்தேன். வீடுகளின் கூரை நன்றாகவே தெரிகிறது. சத்தமாகக் கூப்பிட்டால் கேட்கிற தூரம் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆறு பேரையும் புதைத்தது வைட்ஹோஃபன் கல்லறையில். அங்கே ஒரு நினைவுக் கல் இருக்கிறது. யாரோ புதிதாகப் பூ வைத்திருந்தார்கள்.

2007-ல் ஃப்யூர்ஸ்டன்ஃபெல்ட்ப்ருக் போலீஸ் பயிற்சிக் கல்லூரி மாணவர்கள் இந்த வழக்கை எடுத்து இன்றைய முறைப்படி ஆராய்ந்தார்கள். இருக்கும் தடயத்தை வைத்து இனி நிரூபிக்க முடியாது என்று எழுதினார்கள். ஆனால் முக்கியமான சந்தேக ஆள் யார் என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. அந்தப் பெயரை வெளியிடவில்லை. அவருடைய வாரிசுகள் உயிரோடு இருக்கிறார்கள் என்பதுதான் காரணம்.

#11 நொய்யல்கரையான்

நூறு வருஷம் ஆகிவிட்டது. பெயரை மறைத்து யாருக்கு லாபம்? செத்த ஆறு பேருக்கும் அது அநியாயம் இல்லையா?

#12 பவானி அம்மணி

தம்பி, நான் ஒன்று சொல்கிறேன். ஊர் பெயர் எழுதமாட்டேன்.

என் அப்பிச்சி ஊரில், அம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது, பங்காளித் தகராறில் இருந்த ஒருவர் கிணற்றில் பிணமாகக் கிடந்தார். தலையில் அடி. போலீஸ் வந்தது, விசாரித்தது, கேஸ் நிற்கவில்லை. ஆனால் ஊர் ஒரு வீட்டை முடிவு செய்துவிட்டது. கோயில் நோம்பியில் அந்த வீட்டுக்காரர்கள் மாவிளக்கு எடுத்து வந்தால் மற்ற பெண்கள் ஒரு எட்டுத் தள்ளி நிற்பார்கள். அந்த வீட்டில் பெண் எடுக்க உள்ளூரில் யாரும் போகவில்லை. மூன்றாம் தலைமுறைப் பேத்திக்குக் கோயமுத்தூரில் வரன் அமைந்து, நிச்சயதார்த்தத்துக்கு ஒரு வாரம் முன்னால் மாப்பிள்ளை வீட்டுக்கு யாரோ போன் பண்ணிப் பழைய கதையைச் சொல்லிவிட்டார்கள். கல்யாணம் நின்றது. அந்தப் பெண் கிணற்றில் செத்தவரையும் பார்த்ததில்லை, கொன்றதாகச் சொல்லப்பட்ட தாத்தாவையும் பார்த்ததில்லை.

அவள் அழுததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். நிரூபிக்க முடியாத பெயரை ஊர் வாயில் போடுவது என்னவென்று எனக்குத் தெரியும். அந்த மாணவர்கள் சரியாகத்தான் செய்தார்கள்.

#13 நொய்யல்கரையான்

அக்கா சொல்வதைக் கேட்ட பிறகு நான் என்ன வாதாடுவது. ஷ்லிட்டன்பவர் தன்னைக் கொலைகாரன் என்று சொன்னவர்கள் மேல் மானநஷ்ட வழக்குப் போட்டு ஜெயித்தார் என்பதையும் இங்கே பதிந்துவிடுகிறேன். 1941-ல் இறந்துவிட்டார்.

#14 ஓய்வுபெற்ற ஏட்டு

எனக்கு இந்த வழக்கில் உறுத்துவது அந்த நாலு நாள்தான். பாப்பா பள்ளிக்கூடம் வராதது வாத்தியாருக்குத் தெரியும். தபால் எடுக்காதது தபால்காரருக்குத் தெரியும். தேவாலயத்தில் இடம் காலியாக இருந்தது ஊருக்கே தெரியும். ஒரு கைவினைஞர் சனிக்கிழமை ராத்திரி அந்த வழியாகப் போனவர், அடுப்பு எரிவதைப் பார்த்திருக்கிறார். யாரோ லாந்தரோடு எதிரே வந்து அவர் கண்ணில் வெளிச்சம் அடித்திருக்கிறார்கள். அவரும் வேகமாக நடையைக் கட்டிவிட்டார். ஆளுக்கொரு துண்டு தெரிந்திருக்கிறது, யாரும் அதை அடுத்தவரிடம் கொண்டுபோகவில்லை. மெக்கானிக் வந்து வழியில் சொல்லிவிட்டுப் போன பிறகுதான் ஊர் அசைந்தது.

1922-ல் போன் இல்லை என்று சொல்லலாம். நமக்கு இருக்கிறதே? 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் சேமலைக்கவுண்டன்பாளையத்தில் ஒரு தோட்டத்து வீட்டில் மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். 2025-ல் சிவகிரிப் பக்கம் தோட்டத்து வீட்டில் தனியாக இருந்த வயதான தம்பதி கொல்லப்பட்டார்கள். போன் எடுக்கவில்லை என்று போய்ப் பார்த்தபோதுதான் வெளியே தெரிந்தது, அதற்குள் நாட்கள் கடந்துவிட்டன. சிவகிரி வழக்கில் சில வாரங்களில் ஆட்களைப் பிடித்தார்கள் என்பது வேறு விஷயம். பிள்ளைகள் திருப்பூரிலும் பெங்களூரிலும் இருக்க, பத்து ஏக்கர் நடுவில் இரண்டு கிழடுகள் இருக்கிற தோட்டம் நம்ம மாவட்டங்களில் எத்தனை?

எங்கள் தெருவில் ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறோம். பால்காரர் தினமும் போகிற தோட்டங்களில், தூக்குப்போசி வெளியே வைக்கவில்லை என்றால் அவர் கூப்பிட்டுப் பார்க்காமல் நகரக்கூடாது. பதில் இல்லையென்றால் எனக்குப் போன் வரும். நான் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போவேன். உள்ளே தனியாக ஒருவர் போகக்கூடாது, எதையும் தொடக்கூடாது. உங்கள் ஊரிலும் பேசிப் பாருங்கள்.

#15 கொரங்காடு

ஐயா, நல்ல யோசனை. எங்கள் சொசைட்டிச் செயலாளரிடம் நாளைக்கே பேசுகிறேன்.

கட்டுத்தறி அண்ணாவிடம் ஒரு சந்தேகம். அந்த மாடுகள் மேய்ச்சலில் இருந்திருந்தால்? நம்ம கொரங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் கிளுவை வேலி அடைத்து மாட்டை விட்டுவிட்டால் இரண்டு மூன்று நாளைக்கு யாரும் தீனி போட வேண்டியதில்லை, தண்ணித்தொட்டி நிறைந்திருந்தால் போதும். அங்கேயும் அப்படி இருந்தால் உங்கள் வாதமே ஆடிப்போகிறதே?

#16 இங்கோல்ஸ்டாட் தம்பி

இதற்கு நான் பதில் சொல்கிறேன் அண்ணா. என் வீட்டு ஓனரின் அப்பா எண்பது வயதைத் தாண்டியவர், மாடு வைத்துப் பண்ணையம் பார்த்தவர். அவரிடம் கேட்டேன். இலையுதிர் காலம் முடிந்து மாட்டைக் கொட்டகையில் கட்டினால் ஏப்ரல் கடைசி அல்லது மே மாதம் புல் வந்த பிறகுதான் அவிழ்ப்பார்களாம். மார்ச் கடைசியில் பனியே விழுந்துகொண்டிருந்தது. மேய்ச்சலுக்கு வழியே இல்லை. கழுத்தில் சங்கிலி, முன்னால் தொட்டி, தொட்டியில் கையால் போட்ட காய்ந்த புல், அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொன்னார். வசந்தம் வருவதற்கு முந்தைய அந்த வாரங்களில் எல்லாப் பண்ணையிலும் தீவனம் தீரும் நிலைக்கு வந்துவிடுமாம். அதனால் பரணில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, ஒரு மாட்டுக்கு ஒரு வேளைக்கு எத்தனை கவை என்று வீட்டுக்காரர் கணக்காக வைத்திருப்பாராம். வெளி ஆள் போட்டால் அளவு தெரியாமல் அள்ளிப் போடுவான் என்றார்.

#17 கட்டுத்தறி

பெரியவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள் தம்பி.

அப்படியென்றால் சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் ஒருவன் பரணேறித் தீவனத்தைத் தள்ளி, கீழே இறங்கி, பிணங்கள் கிடந்த கொட்டகையை ஒட்டிய கட்டுத்தறியில் ஒவ்வொரு மாட்டுக்கும் பிரித்துப் போட்டுத் தண்ணியும் காட்டியிருக்கிறான். அவன் ஏறி இறங்கிய பரணில்தான் கொத்தும் கிடைத்தது. டாக்டர் ஐயா சொன்னதுபோல இதை வைத்துப் பெயர் சொல்ல முடியாது, அம்மணி சொன்ன பிறகு சொல்லவும் கூடாது. ஆனால் ஊர் சுற்றும் திருடன் என்று போலீஸ் முதலில் ஓடிய வழி தப்பு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. திருடன் விடிவதற்குள் பத்து மைல் தாண்டியிருப்பான். இவன் மாட்டு வேலையில் கை பழகியவன். நாலு நாள் அங்கே வந்து போனாலும், அங்கேயே கிடந்தாலும், தன்னைத் தேட யாரும் இல்லாதவன், அல்லது தேட வேண்டிய தூரத்தில் இல்லாதவன்.

டாக்டர் ஐயா, கடைசியாக ஒன்று. அளவு தெரியாமல் ஒரேயடியாகக் காய்ந்த தீனியை அள்ளிப் போட்டிருந்தால் மாட்டின் வயிற்றில் தெரியுமா?

#18 மாட்டு டாக்டர்

காய்ந்த புல்லாக இருந்தால் பெரிதாகத் தெரியாது, தின்ன முடியாததை மிச்சம் வைத்துவிடும். தானியத்தையோ மாவையோ அளவில்லாமல் வைத்திருந்தால் ஒரே நாளில் வயிறு புளித்து, அசை போடாமல் படுத்துவிடும். செவ்வாய்க்கிழமை அந்த மாடுகள் நின்றுகொண்டு கத்திக்கொண்டிருந்தன. அதனால் போட்டவனுக்குத் தானியத்தின் அளவு தெரிந்திருக்கிறது, அல்லது தானியத்தைத் தொடவே இல்லை.